கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி: இந்தப் பெயர் எப்படி வந்தது?

அம்பைக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா 1920களில் சென்னை இராயபுரத்து மருத்துவப் பள்ளியில் எல்.எம்.பி. என்ற மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பி, கடைசிவரை அம்பாசமுத்திரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலேயே வைத்தியம் பார்த்தவர். தாம் படித்த இடம் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைதான் என்றாலும், அந்தப் பெயரை அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார். சிறுவயதில் அதைக் கேலிப்பெயர் என்று எண்ணிச் சிரித்திருக்கிறோம். அதன் பின்னணியை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாளையங்கோட்டை வாசகர்:
அண்ணாச்சி, அது கேலிப்பெயர் அன்று. அந்த மருத்துவமனையின் பிறப்பே அந்தப் பெயரில் இருக்கிறது. 1780இல் ஹைதர் அலியின் படை ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியபோது சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் எரிந்து, பயிர் அழிந்து, பிழைக்க வழியற்ற குடும்பங்கள் நகரத்துக்குள் வந்து குவிந்தன. அந்தப் பஞ்சத்தில், 1782இல், ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காகத் தொடங்கப்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். ஊர் மணியக்காரரைக் குறித்த அந்தச் சொல்லை ஆங்கிலேயர் 'மோனிகர்' என்று எழுதிவைத்தார்கள். சனங்களோ கஞ்சி ஊற்றிய தொட்டியை மறக்கவில்லை. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற கிழக்கிந்தியக் கும்பினி மருத்துவர் இந்நாட்டவருக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அது பின்னர் சத்திரத்தோடு இணைந்தது. பட்டினி கிடந்த உடம்பில் நோய் எளிதில் தங்கும் என்பதால், கஞ்சியும் மருந்தும் ஓரிடத்தில் சேர்ந்தது இயல்பான வளர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவப் பள்ளி வந்தது 1877இல். நம் பெரியவர்கள் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லும் கொடுமையான காலமும் அதுவே. ஸ்டான்லி என்பவர் 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். அவர் பெயர் பள்ளிக்குச் சூட்டப்பட்டது 1930களில்தான். ஆகவே உங்கள் தாத்தா படித்தபோது ஸ்டான்லி என்ற பெயரே அங்கு இல்லை. 1938இல் அது கல்லூரியாக உயர்ந்தது.

தாமிரபரணிக்கரை:
எல்.எம்.பி. குறித்து ஒரு வார்த்தை சேர்க்க விரும்புகிறேன். அது பட்டம் அன்று, பட்டயம், ஆனாலும் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் வரத் தயங்கிய சிற்றூர்களில் எல்.எம்.பி. படித்தவர்களே மருத்துவர்களாக நின்றார்கள். மருத்துவர்களுக்கு ஒரே வகைத் தகுதி போதும் என்று 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு பரிந்துரைத்த பின் அந்தப் படிப்பு படிப்படியாக மறைந்தது. அக்குழுவின் நோக்கம் நல்லது என்றாலும், கிராமங்களுக்கு அது இழப்பாயிற்று என்பதே என் கருத்து. மதுரையில் 1954இல் கல்லூரி வரும்வரை நம் பக்கத்துப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் பெரும்பாலும் சென்னைக்கே இரயிலேற வேண்டியிருந்தது. நம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1965இல்.

அம்பைக்காரன்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நோயாளி வந்ததும் தாத்தா முதலில் 'எப்போது சாப்பிட்டாய்?' என்றுதான் கேட்பார். சாப்பிடவில்லை என்றால் ஆச்சி கஞ்சி கொடுத்த பிறகே மருந்து கொடுப்பார். அந்தப் பழக்கம் அவர் அங்கே படித்ததால் வந்ததா என்று சொல்ல இயலாது. அந்த மணியக்காரர் சத்திரத்தில் இப்போது என்ன இருக்கிறது?

பாளையங்கோட்டை வாசகர்:
ஆதரவற்ற முதியோர் இல்லமாக இன்றும் நடக்கிறது, அண்ணாச்சி. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.