ஷெட் தரையில எண்ணெயா? முதல்ல தண்ணி ஊத்தாதீங்க

எர்ணாவூர், பைக் மெக்கானிக்:

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க ஏரியாவுல வெள்ளம் மட்டும் வரல, அதோட கறுப்பு எண்ணெயும் சேர்ந்து வந்துச்சு. தண்ணி வடிஞ்சு ஷட்டரைத் தூக்கினா தரை பூரா பிசுபிசுன்னு படலம், சுவத்துல முட்டி உயரத்துக்குக் கறை. உள்ள கால் வெச்ச உடனே தலை கிறுகிறுன்னு வந்துடுச்சு.

தெருவுல பலபேர் ஹோஸைப் பிடிச்சு அடிச்சாங்க. தண்ணி எண்ணெயை எடுக்காது, மூலைக்கும் விரிசலுக்கும்தான் தள்ளும். சிமெண்ட் தரை பார்க்கத்தான் கெட்டி, உள்ள அத்தனையும் நுண்துளை. அதனால முதல்ல காய்ஞ்ச பொருளால உறிஞ்சி எடுக்கணும். மரவாடியில மரத்தூள் வாங்கி, ரெண்டு விரல் கனத்துக்குக் கொட்டி, செருப்புக் காலால நல்லா மிதிச்சுத் தேச்சு, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில கூட்டினா தூள் தார் நிறத்துல, கையில எடுத்தா உருண்டை பிடிக்கலாம். கொட்டின தூள் தன் நிறத்துலயே திரும்பி வர்ற வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்யணும். இங்க அவசரப்பட்டா பின்னாடி எவ்வளவு சோப்பு போட்டாலும் வீண்.

அப்புறம்தான் வாஷிங் சோடாவும் சோப்புத்தூளும். கையுறை கட்டாயம், சோடா தோலை அரிக்கும். கொஞ்சமா வெந்நீர் விட்டு, கெட்டி பிரஷ்ஷால தேச்சு, கால் மணி நேரம் காயவிடாம ஊறவிடுங்க. அந்த அழுக்குத் தண்ணியை வைப்பரால ஒரு மூலைக்கு ஒதுக்கி, மறுபடி மரத்தூள் போட்டு அள்ளிடணும். வாசல் பக்கம் தள்ளவே கூடாது.

பளிச்சுன்னு ஆகும்னு ஆசிட் ஊத்தச் சொல்லுவாங்க. ஆசிட் சிமெண்டைத்தான் தின்னும், எண்ணெயைத் தொடாது. அதோட ப்ளீச்சிங் பவுடர் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். மூடின ஷெட்டுல உயிருக்கே ஆபத்து.

காசிமேடு, போட் என்ஜின் வேலை:

அண்ணன் 'வாசல் பக்கம் தள்ளாதே'ன்னு சொன்னதை நான் அழுத்திச் சொல்றேன். 2017 ஜனவரியில எண்ணூர் துறைமுகத்துக்கிட்ட ரெண்டு கப்பல் மோதினப்ப, கரை ஒதுங்கின எண்ணெயை ஆளுங்க வாளியாலதான் அள்ளினாங்க. 2023-லயும் முகத்துவாரத்துல மீனவங்க படகுல போய் கையாலயே அள்ளினதை எல்லாரும் பார்த்தோம். வலை, படகு, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. நம்ம மழைநீர்க் கால்வாயில விடுற எண்ணெயும் கடைசியில ஆத்துக்கும் கடலுக்கும்தான் போய்ச் சேருது. எங்க சொந்தக்காரங்க இறால் பிடிக்கிற தண்ணி அது.

எண்ணெய் குடிச்ச மரத்தூளை சாக்குல கட்டி, மத்த குப்பையோட கலக்காம, எண்ணெய்க் கழிவுன்னு சொல்லித் தனியாக் கொடுங்க. கொளுத்தவே கொளுத்தாதீங்க. என்ஜின்ல இருந்து வடிச்ச பழைய ஆயிலை கேன்ல சேர்த்து வெச்சா அதை வாங்கிக்க ஆள் இருக்காங்க.

தண்டையார்பேட்டை, குடியிருப்புல வசிக்கிறவங்க:

எங்க கார் பார்க்கிங்ல ஸ்கூட்டர் பெட்ரோல் கசிஞ்சு, என்ஜின் ஆயிலும் சொட்டியிருந்துச்சு. கறை போயிடுச்சு தம்பி, ஆனா மத்தியானம் ஆனா வாடை வருது. காலையில இல்ல. பினாயில் போட்டா அந்த வாசனையும் இதுவும் கலந்து இன்னும் மோசமா இருக்கு.

எர்ணாவூர், பைக் மெக்கானிக்:

அக்கா, வெயில் ஏறினா தரை சூடாகி உள்ள தங்கினது ஆவியாகுது. பினாயில் மூடத்தான் செய்யும், எடுக்காது. நாட்டு மருந்துக் கடையில முல்தானி மிட்டி வாங்கி, பாத்திரம் கழுவுற லிக்விட்ல குழைச்சு, தலைவலிக்குப் பற்றுப் போடுற மாதிரி கறை இருந்த இடத்துல கனமாப் பூசுங்க. பாலித்தீன் போட்டு மூடி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் திறந்து காயவிட்டுச் சுரண்டுங்க. காயும்போதுதான் அது எண்ணெயை மேல இழுக்கும். டைல்ஸ் இடுக்கையும் சுவர் ஓரத்தையும் விட்டுடாதீங்க, வாடை பாதி அங்கதான் இருக்கும்.

பெட்ரோல் புதுசாக் கொட்டியிருந்தா அங்க சுவிட்சைத் தொடாதீங்க. அந்த ஆவி காத்தை விடக் கனம், தரையோட தரையா நிக்கும். கதவைத் திறந்து வெளியேறவிடுங்க.

பெயிண்ட் அடிக்கிற யோசனை இருந்தா, தரையில ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. உள்ள இறங்கிச்சுன்னா தரை சுத்தம். முத்து முத்தா நின்னா எண்ணெய் இன்னும் இருக்கு, இன்னொரு தடவை பூசணும். அதுக்கு மேல அடிச்ச பெயிண்ட் உரிஞ்சு வந்துடும்.