ஜூட்லாந்து: லுட்சோ யார் கணக்கில்?

கடற்காகம்:
1916-ல் வட கடலில் நடந்த ஜூட்லாந்து சண்டையில் பிரிட்டன் "தெளிவாக வென்றது" என்று ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பிரிட்டன் இழந்த கப்பல்கள் 14, ஜெர்மனி 11. பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 6,000-க்கு மேல், ஜெர்மன் தரப்பில் 2,551. இது என்ன கணக்கு வெற்றி? அந்த 11-லும் லுட்சோ என்ற பெரிய போர்க்கப்பலை பிரிட்டன் மூழ்கடிக்கவில்லை. ஜெர்மன்காரர்களே டார்பிடோ விட்டு முடித்தார்கள்.

பீரங்கிப் பாண்டி:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 20-க்கும் மேல் பெரிய குண்டுகள் வாங்கி, முன்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்த கப்பல் அது. சும்மா நின்ற கப்பலையா டார்பிடோ விட்டு அடித்தார்கள்?

கடற்காகம்:
அடி வாங்கியது வேறு, மூழ்கியது வேறு. இன்னொரு ஜெர்மன் கப்பல் சைட்லிட்ஸும்தான் அடி வாங்கியது, கரை சேர்ந்துவிட்டதே! லுட்சோவில் ஆயிரம் பேரை இறக்கிவிட்டுத்தான் மூழ்கடித்தார்கள். உங்கள் பிரிட்டிஷ் கப்பல் இன்வின்சிபிளில் பிழைத்தது 6 பேர்.

நெல்லை வாசகன்:
ஐயா, கடல் சண்டையே பக்கக் கதை. பிரான்ஸில் சோம் தரைப்போரில் ஜூலை 1, ஒரே நாளில் பிரிட்டிஷார் 19,240 பேர் செத்தார்கள். போரை முடித்தது தரைப்படைதான்.

கடற்காகம்:
சோமுக்குத் தனித் திரி இருக்கிறது. கல்லிப்பொலி திரியையும் இப்படித்தான் கெடுத்தீர்கள்.

நெல்லை வாசகன்:
அங்கே பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பீரங்கிப் பாண்டி:
ஜூன் 2 இரவே பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிகோவின் கப்பற்படை மறுபடி புறப்படத் தயார். ஜெர்மனியை அடைத்த வட கடல் முற்றுகை துளியும் தளரவில்லை. ஜூலை 4 அன்று ஜெர்மன் தளபதி ஷேரே தம் பேரரசர் கெய்சருக்கு எழுதினார்: இனி நீர்மூழ்கிதான் வழி என்று. ஜெயித்தவர் எழுதுகிற கடிதமா இது?

பாய்மரம்:
ஜெல்லிகோவின் கீழ் முன்னணிக் கப்பல்களை நடத்திய பீட்டியை யாரும் கேட்க மாட்டீர்களா? வேகமாகச் சுட வேண்டும் என்று வெடிமருந்து அறைக் கதவுகளைத் திறந்து போட்டார்கள். குவீன் மேரி கப்பல் வெடித்தது அதனால்தான். பழி மட்டும் ஜெல்லிகோவுக்கு.

கடற்காகம்:
டார்பிடோவைக் கண்டதும் திரும்பிக்கொண்டவர்தானே ஜெல்லிகோ? பீட்டி ரசிகனில்லை நான். ஆனால் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. முற்றுகை, கடிதம் எல்லாம் சரி. லுட்சோவை மூழ்கடித்த டார்பிடோ யாருடையது?

பீரங்கிப் பாண்டி:
அவ்வளவு கௌரவமான முடிவென்றால் ஜெர்மனி அந்த இழப்பை ஜூன் 7 வரை ஏன் மறைத்தது?

கடற்காகம்:
மறைத்தால் பிரிட்டன் மூழ்கடித்ததாக ஆகிவிடுமா? ஜெர்மன் கப்பல் எல்பிங்கும் அப்படித்தான். சொந்த போர்க்கப்பல் பொசென் மோதி, அப்புறம் அவர்களே மூழ்கடித்தது. அதையும் கழியுங்கள்: 14-க்கு 9.

பீரங்கிப் பாண்டி:
அப்படியானால் இழுத்துப்போகும் வழியில் கைவிடப்பட்டு மூழ்கிய பிரிட்டிஷ் கப்பல் வாரியரை நானும் கழிக்கிறேன். 13.

கடற்காகம்:
வாரியர் தானாக மூழ்கியது. டார்பிடோ விட்டது யார், சொல்லுங்கள்?

நெல்லை வாசகன்:
கல்லிப்பொலி திரியில் இரண்டு கேள்வி அப்படியே கிடக்கிறது. அதற்கு முதலில் வாருங்கள்.