சைட் வாட்ஸ்அப் குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை: என்ன செய்யலாம்? (சிங்கப்பூர்)

புதுவரவு:
வணக்கம். கட்டுமான சைட் ஒன்றில் பொறியாளராகச் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன. வாட்ஸ்அப் குழுவில் வேலை விவரங்களைப் பகிரும் பழக்கத்தை உண்டாக்கும்படி மேலாளர் என்னிடம் கூறியிருக்கிறார். திருத்திய டிராயிங் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விட்டதால், நேற்று பழைய அளவிலேயே சுவரில் ஜன்னல் திறப்பை விட்டு காங்கிரீட் ஊற்றிவிட்டார்கள். நாளைக் காலை நான் திட்டம் சொல்ல வேண்டும். எப்படிப் பேச வைப்பது?

ஜூரோங்வாசி:
தம்பி, நாங்கள் வந்தபோது குழுவும் இல்லை, குரல் பதிவும் இல்லை. ஏஜென்ட் கடனை நினைத்து இரவில் உறக்கம் வராது. பகலில் ஃபோர்மேனின் கையசைவைப் பார்த்தே ஷட்டரிங் (காங்கிரீட் ஊற்றப் பலகை அச்சு கட்டுவது) கற்றுக்கொண்டேன். கண் இருப்பவன் கற்பான்.

கம்பிக்கணக்கு:
அந்தக் காலம் போய்விட்டது, அண்ணா. ஒவ்வொருவரும் தினமும் ஒரு படமாவது போட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள்.

சாரத்தின்மேல்:
கட்டாயமாக்கினால் போட்ட படத்தையே திரும்பப் போடுவார்கள். எங்கள் சைட்டில் ஒரே தீயணைப்பான் வாரம் முழுவதும் வந்தது. பாதுகாப்பு வார் அணியாத ஒருவரின் படத்தைப் போட்டு மேலாளர் எல்லோர் முன்பும் திட்டிய பிறகு, அதுவும் நின்றுபோனது.

லிட்டில்இந்தியா:
ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் டீ குடிக்கும்போதுகூட "கம்பி வந்ததா?" என்று குழுவில் கேட்கிறார்கள். அதற்கு ஓவர்டைம் உண்டா?

மட்டப்பலகை:
கேள்விக்குத் திரும்புவோம். குழுவில் எத்தனை பேர், என்னென்ன மொழிகள், சப்-கான்ட்ராக்டரின் ஆட்கள் இருக்கிறார்களா என்பதை நீங்கள் சொல்லவில்லை. ஆயினும், அறிவிப்புக்குத் தனிக் குழு வைத்து, நிர்வாகிகள் மட்டுமே செய்தி இடும்படி அதன் அமைப்பை மாற்றுங்கள்; கேள்விகளுக்கு வேறொரு குழு இருக்கட்டும். டிராயிங்கின் திருத்த எண்ணைக் குழுவில் அறிவித்தாலும், தாளைச் சூப்பர்வைசரின் கையில் கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்கிவிடுங்கள். எழுதத் தயங்குபவர்கள் எந்த மாடி, எந்த கிரிட் (டிராயிங்கில் இடத்தைக் குறிக்கும் கட்டக்கோடு) என்று குரலில் சொல்லிப் படத்தை அனுப்பினால் போதும். உதாரணமாக, ஜன்னல் திறப்பின் கீழே காங்கிரீட் இறங்காமல் ஹனிகோம்ப் (தேன்கூடு போன்ற ஓட்டைகள்) விழுந்தபோது, எங்கள் கார்பென்டர் ஒருவர் திறப்புப் பெட்டியின் அடிப்பலகையில் ஓட்டை போட்டு, அதன் வழியே காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை இறக்கிக் காட்டினார். அந்தப் படம் குழுவுக்கு வந்ததும், மறுநாள் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அவரையே பேசச் சொன்னோம். அதன்பின் மற்றவர்களும் அனுப்பத் தொடங்கினார்கள். திட்டுவதென்றால் தனியே அழைத்துத் திட்டுங்கள். மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்து வேலைக்குப் பெர்மிட் (அந்த வேலையைத் தொடங்கும் முன் பெறும் எழுத்து அனுமதி) கட்டாயம் என்பதால், குழுவில் வந்த "ஓகே"யை நம்பி யாரையும் ஏற்றிவிடாதீர்கள்.

புதுவரவு:
மிக்க நன்றி. குழுவில் பாதிப்பேர் வங்காளதேசத்தவர்கள். காலை வணக்கப் படங்களை அனுப்புபவர் மேலாளர்தான்.

மட்டப்பலகை:
அதைத் திட்டத்தில் எழுதாமல், தேநீர் நேரத்தில் அவரிடம் சொல்லுங்கள். தமிழும் வங்காள மொழியும் அறிந்த ஃபோர்மேன் ஒருவரை இரண்டாவது குழுவுக்கு நிர்வாகியாக்கி, முக்கியமான குரல் பதிவுகளை வங்காள மொழியில் மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு அவருக்குத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கும்படி நாளையே கேட்டுவிடுங்கள்.