ரூன்ஸ்கேப்: ஓல்டு ஸ்கூலுக்கு மாறலாமா?

கேள்வி: ரூன்ஸ்கேப் இணைய விளையாட்டில் 2012 நவம்பரில் சண்டைமுறையை அடியோடு மாற்றியதை இன்னும் மனம் ஏற்கவில்லை. முன்பு எதிரியை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு நண்பர்களோடு அரட்டை அடிக்கலாம். இப்போது கண் முழுக்க, தாக்குதல் திறன்களை அழுத்தும் பட்டையிலேயே. அதே ஆண்டு வந்த அதிர்ஷ்டச் சக்கரத்தில் காசைப் போட்டு அனுபவப் புள்ளி எடுத்தார்களே, அது அதைவிட வலித்தது. நான் மீன் பிடித்துப் பிடித்து ஏற்றிய லெவல் அது! ஓல்டு ஸ்கூல் என்ற பழைய பாணிப் பதிப்புக்கு மாறினால் என் லெவல்கள் வருமா?

பதில்: வராது நண்பா, முதலிலிருந்துதான். விளையாட்டின் 2007 ஆகஸ்ட் பிரதியை வைத்து அதை 2013இல் திறந்தார்கள். புதிதாக ஏதாவது சேர்க்க ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு உண்டு. ஆரம்பத்தில் 75 விழுக்காடு ஆதரவு வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த மரியாதைக்காகவே நான் அங்கே இருக்கிறேன்.

பதில்: 2014இல் ரூன்ஸ்கேப்பிலேயே பழைய பாணியில் சண்டை போட லெகசி முறை வந்ததே, பார்த்தீர்களா?

கேட்டவர்: பார்த்தேன் அண்ணா. பாஸ் எனும் பெரிய எதிரிகளிடம் எடுபடவில்லை. சரி, தொடக்க ஊரான லம்பிரிட்ஜில் கோப்ளின் என்ற குட்டி எதிரிகளை அடிக்கத் தொடங்குகிறேன். யாராவது வருகிறீர்களா?