அப்பாவின் ரத்த ரிப்போர்ட்டை வைத்து இம்யூனோதெரபி பலன் தருமா என்று சொல்ல முடியுமா?

நிழல்மரம்
அப்பாவுக்கு 63 வயது. நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா, நான்காம் நிலை. மூளையிலும் சின்னதாக இரண்டு இடத்தில் இருக்கிறது. பயாப்ஸியில் பி.டி-எல்1 (கட்டி நோயெதிர்ப்பிலிருந்து தப்பிக்க உதவும் புரதம்) 60 சதவீதம் என்று வந்திருக்கிறது. அந்த அளவுக்கு இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோயெதிர்ப்பைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்து, நன்றாக வேலை செய்ய வாய்ப்பு உண்டு என்று டாக்டரே சொன்னார், ஆனால் மரபணு ரிப்போர்ட் வரும்வரை ஆரம்பிக்க மாட்டேன் என்கிறார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ராத்திரி தூக்கம் வராமல் படிக்க உட்கார்ந்தேன். நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் (இரண்டும் ரத்த வெள்ளணு வகைகள்) வகுத்தால் 5க்கு மேல் வரக்கூடாதாம். அப்பாவுக்கு நியூட்ரோஃபில் 82 சதவீதம், லிம்போசைட் 11, வகுத்தால் ஏழரை வருகிறது. அப்புறம் எல்.ஐ.பி.ஐ. என்று ஒரு கணக்கு, அதில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவும் சேர்கிறது. அப்பாவின் எல்.டி.எச். 310, ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் மேல் வரம்பு 250. அந்தக் கணக்குப்படி அவர் மூன்று குழுக்களில் மோசமான குழுவில் விழுகிறார்.

என் கேள்வி இதுதான். ரத்தமே இப்படிச் சொல்லும்போது இம்யூனோதெரபி கொடுப்பதில் பயன் இருக்கிறதா? டாக்டரிடம் கேட்டால் "அதையெல்லாம் பார்த்துக் குழம்பாதீங்க" என்றதோடு சரி. அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லேப்கோட்
நான் டாக்டர் இல்லை, லேபில் வேலை பார்க்கிறேன், அதனால் என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ரத்தம் எடுத்த அன்று அப்பா என்னென்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்? மூளையில் கட்டி இருந்தால் வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். ஸ்டீராய்டு உள்ளே போனால் நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் இறங்கும், ஆக உங்கள் வகுத்தல் கணக்கில் மேலே இருப்பது கூடி கீழே இருப்பது குறைந்து விகிதம் எகிறிவிடும். சளி, நிமோனியா இருந்தாலும், வெள்ளணுவை ஏற்றும் ஊசி போட்டிருந்தாலும் இதேதான். புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

எல்.டி.எச். இன்னும் மோசமான ஆள். அது சிவப்பணுவுக்குள் நிறைய இருக்கிறது. ஊசி சரியாக ஏறாமல் இழுத்து எடுத்தாலோ, குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து அளவு கூடிவிடும். ரிப்போர்ட்டின் அடியில் "ஹீமோலைஸ்டு" என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள்.

நிழல்மரம்
டெக்ஸாமெத்தசோன் 4 மி.கி., ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ரத்தம் எடுத்தபோது அதை ஆரம்பித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. இதை யாருமே சொல்லவில்லையே!

இரவுப்பணி
புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். லேப்கோட் சொன்னது சரி, ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோய் எப்படிப் போகும் என்று சொல்லும் அளவுகோல் வேறு, எந்த மருந்து பிடிக்கும் என்று சொல்லும் அளவுகோல் வேறு. உங்கள் ராத்திரிக் கணக்கு முதல் வகை. எல்.ஐ.பி.ஐ. 2018இல் வெளிவந்தபோது இம்யூனோதெரபி எடுத்தவர்களிடம் அது நன்றாகப் பிரித்துக் காட்டியது, கீமோ மட்டும் எடுத்த சின்னக் குழுவில் காட்டவில்லை. உடனே இது இம்யூனோதெரபிக்கென்றே அமைந்த அளவுகோல் போலத் தெரிந்தது. மறுவருடம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆட்கள் பல சோதனைகளின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, கீமோ எடுத்தவர்களிலும் குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் டார்கெட்டட் மாத்திரை எடுத்தவர்களிலும் அதே பிரிவு வந்தது. அதாவது மோசமான எண் உள்ளவருக்கு எதைக் கொடுத்தாலும் சராசரியாகச் சிரமம் கூடுதல். அதற்காக ஒன்றை விட்டு இன்னொன்றைக் கொடு என்று அந்த எண் சொல்லவில்லை. "இம்யூனோதெரபி கொடுப்பதில் பயன் இருக்கிறதா" என்ற உங்கள் கேள்விக்கு அதில் பதிலே இல்லை. டாக்டர் ஒரு வரியில் முடித்தது இதனால்தான் என்று நினைக்கிறேன், இரண்டு வரி சொல்லியிருக்கலாம்.

மருந்தைத் தீர்மானிக்கிற ரத்தப் பரிசோதனை வேறொன்று இருக்கிறது. கட்டியிலிருந்து ரத்தத்தில் கசிகிற டி.என்.ஏ. துணுக்குகளைப் பிடித்து, அதில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது, லிக்விட் பயாப்ஸி என்பார்கள். திசு ரிப்போர்ட்டை விட இது பல நேரம் சீக்கிரம் வந்துவிடும். உங்கள் டாக்டர் காத்திருக்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தால், பி.டி-எல்1 எவ்வளவு உயர்வாக இருந்தாலும் இம்யூனோதெரபி பெரும்பாலும் எடுபடாது. இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு முதல் மருந்தாகவே பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையை 25 பேர் சேர்க்க நினைத்து 11 பேரோடு நிறுத்தினார்கள். பலன் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருடைய மரபணு ரிப்போர்ட்டே தப்பு என்று பிறகு தெரிந்தது! அது மட்டுமில்லை, முதலில் இம்யூனோதெரபி கொடுத்துவிட்டு உடனே ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்து கூடுகிறது. வரிசை மாறினால் அந்த அளவு பயமில்லை. அவசரப்பட்டு ஒரு டோஸ் ஏற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

ஸ்டீராய்டைப் பற்றியும் கேளுங்கள். இம்யூனோதெரபி தொடங்கும்போது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் கணக்கில் 10 மி.கி.க்கு மேல் போய்க்கொண்டிருந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததாகப் பார்த்திருக்கிறார்கள், அதில் ஒரு பங்கு அவர்கள் ஏற்கெனவே ரொம்ப முடியாமல் இருந்ததால் இருக்கலாம். டெக்ஸாமெத்தசோன் வீரியம் கூடியது, அதனால் உங்கள் அப்பாவின் 8 மி.கி. அந்தக் கணக்கில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், மூளை வீக்கம் விளையாட்டில்லை.

ஏழாவது ஸ்கேன்
நோயாளியாகவே பேசுகிறேன். எனக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் எல்858ஆர் என்ற மாற்றம். முதல் மாத்திரை ஒன்றேகால் வருடம் தாங்கியது, பிறகு கட்டி வளர்ந்தது. முதல் மாத்திரையை வேலை செய்யவிடாமல் தடுக்கும் டி790எம் மாற்றம் வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. நான் அழுது முடித்த பிறகு டாக்டர் சொன்னார், ரத்தத்தில் இருக்கிறது என்று வந்தால் நம்பலாம், இல்லை என்று வந்தால் கட்டி போதுமான டி.என்.ஏ.வை ரத்தத்தில் விடவில்லை என்றுகூட இருக்கலாம். மறுபடி ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள், அதில் டி790எம் இருந்தது. மருந்து மாற்றினார்கள், இன்னும் இருக்கிறேன், இதோ தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

அதனால் நிழல்மரம், ரத்த ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் திசு ரிப்போர்ட்டை விட்டுவிடாதீர்கள்.

நிழல்மரம்
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டாக்டரிடம் நேராகக் கேட்டு ரத்தத்திலும் மரபணு பார்த்தோம். ஈ.ஜி.எஃப்.ஆர்., எக்ஸான் 19 டெலீஷன், அதாவது அந்த மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லாமல் போன வகை. இரண்டு நாள் கழித்து வந்த திசு ரிப்போர்ட்டிலும் அதேதான். ஒசிமெர்டினிப் ஆரம்பித்து பத்து நாள் ஆகிறது. ஸ்டீராய்டை மெதுவாகக் குறைத்தார்கள், இப்போது நியூட்ரோஃபில் 66, லிம்போசைட் 22. வகுத்தால் மூன்று. நான் ராத்திரி முழுக்க அழுத எண் அது!

இன்னொன்று. சி.இ.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடு) முதலில் 48 இருந்தது, இப்போது 61. பயப்பட வேண்டுமா?

இரவுப்பணி
பத்து நாளில் எடுத்த சி.இ.ஏ.வை வைத்து நான் எதுவும் முடிவு செய்ய மாட்டேன். மருந்து பிடித்து செல்கள் சாகும்போதே தொடக்கத்தில் கொஞ்சம் ஏறி, அப்புறம் இறங்குவது உண்டு. அதே லேபில் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள், லேப் மாறினால் எண்ணும் மாறும், ஒப்பிட முடியாது. முதல் ஸ்கேனோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண் அது. அப்பாவுக்கு மூச்சும் இருமலும் எப்படி இருக்கிறது? புதிதாக மூச்சுத்திணறல், காய்ச்சலோடு வறட்டு இருமல் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே போன் போடுங்கள். இந்த மாத்திரைக்கு அரிதாக நுரையீரல் அழற்சி வரும்.

நிழல்மரம்
இருமல் பாதியாகிவிட்டது. நேற்று மாடிப்படி ஏறி வந்து, ஏன் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாய் என்று திட்டினார்.