ஜூனியர் காலேஜ் தொடங்கியவர்களின் அனுபவம்: இடத்துக்கு முன்னால் கிரெடிட்

ஊருக்கு ஒரு ஜூனியர் காலேஜ் (பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடத்தை நடத்தும் கல்லூரி) என்று பேச்சு எழுந்ததும் கமிட்டி நேரே நிலம் பார்க்கப் போய்விடும். அமெரிக்காவில் இந்த வகைக்கு முன்னோடியான ஜோலியட் கல்லூரிக்கு 1901இல் தனிக் கட்டடமே கிடையாது. உயர்நிலைப் பள்ளிக்குள் 6 மாணவர்களோடு தொடங்கியது. அங்கே படித்ததைப் பல்கலைக்கழகப் பாடமாகவே கணக்கில் எடுக்கலாம் என்று பள்ளிக் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் ஒத்துப்போனார்களே, அதுதான் முதலீடு. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரிப் பாடம் நடத்த 1907 சட்டம் அனுமதி கொடுத்தது. அரசுப் பணம் வந்தது 1917இல்.

இன்றைக்கும் வரிசை அதுதான். புதுக் கல்லூரிக்கு அங்கீகாரம் முதல் நாளே கிடைக்காது. முதலில் 'கேண்டிடேட்' (அங்கீகாரத்துக்கான வேட்பாளர்) நிலை, முழு அங்கீகாரத்துக்குச் சில வருடம். அதுவரை ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் கிளையாக நடத்துவது நல்லது. மதிப்பெண் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருந்தால் கிரெடிட் (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் மதிப்பு அலகு) பல்கலைக்கழகத்திலும் செல்லும்.

---

மேலே சொன்னது சரி. ஆனால் 'செல்லும்' என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அசோசியேட் பட்டத்துக்கு (இங்கே தரும் இரண்டு வருடப் பட்டம்) 60 கிரெடிட் என்று வைப்போம். 60ஐயும் ஏற்கிறோம் என்று பல்கலைக்கழகம் கடிதம் தரும். மாணவர் அங்கே போய் நின்றால், உளவியல் 3 கிரெடிட்டும் புள்ளியியல் 3 கிரெடிட்டும் பொது எலெக்டிவில் (விருப்பப் பாடக் கணக்கில்) விழுந்திருக்கும். மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) வேண்டிய பாடம் மறுபடி படிக்க வேண்டும். அதனால் ஒப்பந்தத்தைப் பட்டத்துக்கு மட்டும் போடாதீர்கள். இந்தப் பாட எண்ணுக்கு அங்கே எந்தப் பாட எண் என்று வரி வரியாகப் போடுங்கள். அங்கே சிலபஸ் மாறினால் யார் யாருக்குத் தெரிவிப்பது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

அடுத்தது டைம்டேபிள். கால்குலஸ் 2க்கு 7 பேர்தான் சேர்ந்தார்கள் என்று வகுப்பை ரத்து செய்தால் 7 சீட்டோடு போகாது. அதை நம்பியிருக்கும் இயற்பியலும் அடுத்த கணக்கும் ஒரு வருடம் தள்ளும்; பையன்கள் பாதியில் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். தொடர் பாடங்களைக் குறைந்த ஆளோடும் நடத்தவென்று முதல் பட்ஜெட்டிலேயே தனியாக ஒதுக்குங்கள்.

---

பட்ஜெட் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். மாலை வகுப்பில் 300 பேர், ஆளுக்கு 6 கிரெடிட் என்றால் மொத்தம் 1,800. முழுநேர மாணவருக்கு 15 கிரெடிட் என்று வகுத்தால் 120. நிதி முழுநேரக் கணக்கில் வந்தால் 120 பேருக்குத்தான் வரும். ஆனால் பார்க்கிங், அட்மிஷன் கவுண்டர், கவுன்சிலர் எல்லாம் 300 பேருக்கு வேண்டும். அந்த 300 பேரும் வேலை முடிந்து மாலை 6 மணிக்கு ஒன்றாக வருவார்கள். அலுவலகத்தை 5க்கே பூட்டியிருப்பார்கள்.