பனகல் பூங்காவில் மெட்ரோ: தி.நகர் வணிகம் யாருக்கு வளரும்?

மாம்பலம்வாசி:
சென்னையில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டருக்கு அமையும் மெட்ரோ தடத்தில் பனகல் பூங்காவும் ஒரு நிலையம். அதைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து, தி.நகர் வியாபாரம் படுத்துவிட்டது என்ற புலம்பலே இங்கு அதிகம் கேட்கிறது. இந்த ஊர் வளர்ந்ததே ரயிலால்தான். 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது; மாம்பலத்தில் இறங்கியவர்கள் உஸ்மான் சாலைக்கு நடந்துபோன வழிதான் ரங்கநாதன் தெரு. அந்த நடைக்கூட்டம் இல்லாவிட்டால் அது இன்னும் வீடுகள் நிறைந்த தெருவாகவே இருந்திருக்கும்.

உஸ்மான்ரோடு கடைக்காரன்:
ஐயா, ரயில் கூட்டத்தைக் கொண்டுவரும் என்பதை நான் மறுக்கவில்லை. கூட்டம் வரும் நாளில் என் கடை இருக்குமா என்பதே என் கவலை. எதிரே தகரத் தடுப்பு வைத்த நாளிலிருந்து டெம்போ வாசலுக்கு வருவதில்லை. தெருமுனையிலேயே சரக்கை இறக்கி, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தலைச்சுமையாகத்தான் கொண்டுவருகிறோம். எதிர்ச்சாரியில் நிற்பவருக்கு என் பெயர்ப்பலகை தெரிவதில்லை. கட்டட உரிமையாளரோ, மெட்ரோ வந்தால் இடத்தின் மதிப்பே வேறு என்று சொல்லி, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அட்வான்ஸையும் வாடகையையும் ஏற்றிக் கேட்கிறார். வராத ரயிலுக்கு இப்போதே டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நடைபாதைக்காரி:
அண்ணா சாலையும் மெட்ரோவின் முதல் கட்டப் பணிக்காகப் பல ஆண்டுகள் ஒருவழிப் பாதையாகக் கிடந்தது. 2019 பிப்ரவரியில் அங்கே ரயில் ஓடிய பிறகு அந்த நாட்களை யாரும் பேசுவதில்லை. அதே ஆண்டு நவம்பரில் பாண்டிபஜாரில் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். கார் நிறுத்த இடமில்லாவிட்டால் யார் வருவார்கள் என்று கேட்டவர்கள், ஞாயிறு மாலையில் ஒருமுறை அங்கே நடந்து பார்க்கட்டும்.

உஸ்மான்ரோடு கடைக்காரன்:
யாரும் பேசுவதில்லை என்கிறீர்கள் அம்மா. பேச வேண்டியவர்களில் கடையை மூடிவிட்டுப் போனவர்களும் உண்டு. பாண்டிபஜார் நடைபாதையில் பல காலம் கடை போட்டிருந்தவர்கள் 2013-இல் வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். போகிற போக்கில் குனிந்து வளையல் பார்க்கும் பெண், அதற்காக மாடியேறிப் போவாரா? இன்னொன்றும் சொல்கிறேன். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. பேருந்தைப் பிடிக்கப் போகிறவருக்கு அது வசதிதான். ஆனால் அவர் கீழே இருக்கும் கடைகளின் தலைக்கு மேலே நடந்து போய்விடுகிறார்.

மாம்பலம்வாசி:
நடைபாலத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நிலையத்தின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கத்துக் கடைக்குத்தான் முதல் லாபம். சுரங்கத்திலிருந்தே பெரிய கடைக்குள் வழி விட்டால் தெருவுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆயினும் அது வாசலை எங்கே வைப்பது என்ற சிக்கல். அதற்காக மெட்ரோவையே குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

உஸ்மான்ரோடு கடைக்காரன்:
மெட்ரோ வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? தடுப்புக்கும் கடைக்கும் நடுவே இரண்டு பேர் எதிரெதிரே ஒதுங்கிப் போகும் அளவுக்கு வழி, இரவு பத்து மணிக்கு மேல் டெம்போவுக்கு அனுமதி, பணி முடியும்வரை வாடகையை ஏற்றாமலிருக்க ஓர் ஏற்பாடு: இவ்வளவுதான் கேட்கிறேன். முதல் இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.